மல்லிகா துவக்கு வாங்கிய நாள்

ஈரக் கம்பளிக் கோட்டு வாசம், துவக்கு எண்ணெய் வாசம், யாரோ குடித்து வைத்த தேநீர் வாசம்... எல்லாம் கலந்து மூக்கில் ஏறிய அந்தக் கடை, லண்டன் முடிந்து எசெக்ஸ் தொடங்கும் இடத்தில் இருந்தது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை.

நாங்கள் இரண்டு பெண்கள் உள்ளே போனதும் கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கணவன்மார் யாராவது வருகிறார்களா என்று!

யாரும் வரவில்லை. துவக்கு வாங்க வந்தவள் மல்லிகா; அவள் பேச்சில் அது துப்பாக்கி. துணைக்கு வந்தவள் நான்.

மல்லிகா மலேசியாவின் ஈப்போக்காரி. படிக்க வந்து, வேலை கிடைத்து, லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கம் தங்கிவிட்டாள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து தப்பி வந்து அதே நகரின் மறுகோடியில், குட்மேய்ஸில் கால் ஊன்றியவள். ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவளை "நீர்" என்பேன்.

"ஏன் லா என்னை மகாராணி மாதிரி கூப்பிடுற?" என்று சிரிப்பாள்.

கல்லூரி நாட்களிலேயே கிளப்பில் காகித இலக்கைச் சுட்டுப் பழகியவள் அவள். இது தெரிந்து, ஆபீஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தோழியின் அப்பா அவளைக் கூப்பிட்டார். எசெக்ஸில் அவருக்குக் கோதுமை வயல். முளைத்த பயிரை எல்லாம் முயல்கள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன.

முதல் சனிக்கிழமை நான்தான் கார் ஓட்டிப் போனேன். அந்த விவசாயி தன் பழைய துவக்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மல்லிகா குறி பார்த்துச் சுட்டாள்.

அந்த ஒரு சத்தம்...

நான் ஓடியதே எனக்குத் தெரியாது. பார்த்தால், காருக்குள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறேன். நாட்டை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மல்லிகா வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவள் முகமும் வெளிறிக் கிடந்தது. குண்டு முயலின் பின்னங்காலில் பட்டு, அது காலை இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விட்டதாம்.

"இனிமே இப்படி நடக்கக் கூடாது, சாந்தி. ஒரே அடியில உசிர் போகணும். இல்லேன்னா நான் சுடவே கூடாது."

"நீர் வந்து சுடும். நான் இனி வரமாட்டன். எனக்கு அந்தச் சத்தம் ஏலாது."



அதன் பிறகு மாதக்கணக்கில் லஞ்ச் நேரம் முழுக்கத் துவக்குப் பேச்சுத்தான். லைசென்ஸுக்குப் போட்டாள். போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முயல்கள் ஆளைக் கண்டால் வளைக்குள் பாய்ந்துவிடும், அதனால் தூரத்தில் இருந்தே சுட வேண்டும். அதற்குத் தடித்த குழல் வேண்டும், சூடானாலும் குறி மாறாது என்பாள். முந்நூறு யார்டுக்கும் குண்டு நேராகப் போகிற ஒரு பெரிய துவக்கின் படத்தை மேசையில் ஒட்டி வைத்திருந்தாள். நான் சோற்றைப் பிசைந்தபடி "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று அந்தக் கடையில், படத்தில் இருந்த அதே துவக்கை எடுத்துக் கொடுத்தார்கள். தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். எவ்வளவு பிடித்திருக்கிறது என்று முகமே சொன்னது.

பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சத்தம் குறைவானது எது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

கடைக்காரர் சின்னத் துவக்கு ஒன்றை எடுத்து, முனையில் சைலன்சரைத் திருகிக் காட்டினார். நூற்றைம்பது யார்டுக்கு மேல் இதை நம்ப முடியாது, காற்று அடித்தால் குண்டு விலகும் என்றும் சொன்னார்.

"இதையே எடுத்துக்கிறேன்."

"உமக்கென்ன விசரே? இவ்வளவு நாளும் அந்தப் பெரிசைத்தானே ஆசைப்பட்டனீர்?"

"தூரம் கொறைஞ்சா பரவால்ல லா. நான் இன்னும் கொஞ்சம் கிட்ட தவழ்ந்து போறேன். நீ வரணும்ல?"

அங்கே தொங்கிய கம்பளிக் காலுறைகளைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

குறி பார்க்கும் ஸ்கோப்பில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்ததிலேயே நல்லதாக எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, வயலில் மண்மேட்டுக்கு முன்னால் காகித இலக்கு. எந்தத் தோட்டா இந்தக் குழலுக்கு ஒத்துவரும் என்று மூன்று வகை வாங்கி வந்திருந்தாள். நான் காரில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். தடித்த புத்தகம் ஒன்றைப் பட்டென்று மூடியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்... உடம்பு பதறவில்லை. கதவைத் திறந்தேன்.

மூன்றாவது வகையைச் சுடும்போது நான் அவள் பக்கத்தில் பாயில் படுத்திருந்தேன். அதில் சுட்ட ஐந்து துளையும் ஒரு டூ பென்ஸ் காசுக்குள் மறைந்தன. காகிதத்தை ஆட்டிக்கொண்டு அவள் துள்ளிய துள்ளல்!

பிறகு எத்தனை சனிக்கிழமைகள்... நான் பைனாகுலரில் புல் சாய்வதைப் பார்ப்பேன். "காத்து கூடிட்டுது, பொறும்" என்பேன். உடனே விரலை எடுத்துவிடுவாள். ஒரு தோட்டா கூடச் செலவாகாமல் திரும்பிய நாட்கள் உண்டு. சுட்ட நாட்களில் முயல் நின்ற இடத்திலேயே விழும். அன்று மாலை கோலியர்ஸ் வுட்டில் முயல் இறைச்சிப் பிரட்டல்.

ஒரு நாள் நியூசிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். துவக்கை அதே கடையில் திருப்பிக் கொடுத்தாள். ஹீத்ரோவுக்கும் நான்தான் கார் ஓட்டினேன்.

அப்போதெல்லாம் வயலில் காலை முழுக்க வேறு பேச்சில்லாமல் பக்கத்தில் படுத்திருப்போம். அவள் மூச்சை வைத்தே குளிர்கிறதா, சலித்துவிட்டதா, ஆபீஸ் கவலை ஏதும் உள்ளே கிடக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். பிள்ளைகள், முழங்கால் வலி, அங்கத்தை வெயில், இங்கத்தை மழை எல்லாம் பேசுகிறோம். "நான் நல்லா இருக்கேன் லா" என்று சிரித்துவிட்டுத்தான் வைப்பாள்.

வைத்த பிறகு போனைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்பேன்...

உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கிறாளா?