மொட்டை மாடியிலிருந்து ஒரு போன்

ஊரடங்கின் இரண்டாம் மாதம், ஒரு மத்தியான வேளையில், என் மனைவியின் தம்பி மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சென்னையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அங்கே தொற்று பரவி மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். வெங்காய லாரியில் தொற்றிக்கொண்டு பாதி தூரம், மீதி தூரம் நடை. அண்ணாகிராமம் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத்தான் முதலில் போயிருக்கிறான். ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டு, சென்னையிலிருந்து வந்தவன் உள்ளே வரக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடுத்தவர்களில் அவனோடு படித்தவர்களும் இருந்தார்களாம்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடறேன் மாமா," என்றான். உதடு வெடித்திருந்தது.

என் மனைவி உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். வீட்டில் இரண்டே அறை. ஏழு வயது மகளுக்கு வீசிங். பனி இறங்கினாலே மூச்சுக்குத் தவிப்பாள். சாப்பிடும்போது அவன் ஒரு தரம் இருமினான். அதன் பிறகு அவன் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. ஆனாலும் காத்திருந்தேன்.

மறுநாள் காலை, காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தகவல் சொல்லச் சொல்லி டிவியில் ஓடிய நம்பருக்கு போன் செய்தேன்.

"உங்க பேரு வேணாம் சார், அட்ரஸ் மட்டும் சொல்லுங்க," என்றாள் ஒரு பெண்.

என் வீட்டு முகவரியைச் சொன்னேன்.

"நீங்க அவுங்களுக்கு என்ன வேணும்?"

"அதே தெருதாங்க," என்றேன்.

மனைவியிடம் முதலில் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பாள். அழுதுவிட்டு ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பாள். அந்த ஒருவேளையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் பதினோரு மணிக்கு வந்தது. பிளாஸ்டிக் உடுப்பு போட்டவர்கள் அவனைக் கையால் தொடாமல், வா வா என்று சைகை காட்டி ஏற்றினார்கள். தெருவில் அத்தனை ஜன்னலிலும் செல்போன். போன பிறகு வாசலில் பிளீச்சிங் பவுடர் கொட்டி, கேட்டை மறைத்துத் தகரம் அடித்தார்கள்.

எதிர் வீட்டில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். முந்தின நாள் என் மச்சான் வந்தபோது, "யாரும்மா, தம்பியா?" என்று அவர்தான் விசாரித்தார். போன் போட்டது அவர்தான் என்று என் மனைவி நினைக்க அது போதுமானதாக இருந்தது. தகரத்துக்கு மேலே தலை தெரிய ஸ்டூலில் ஏறி நின்று என் மனைவி கத்தினாள்.

"பெத்த புள்ள மாதிரி விசாரிச்சிட்டு, பின்னாலயே போன் போட்டியே! நீ நல்லா இருப்பியா?"

"யம்மா, சத்தியமா நான் சொல்லலம்மா," என்றார் அவர். சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக, "நான் சொல்லலங்க!" என்றார்.

நான் அவள் தோளைப் பிடித்து, "விடு, இவுங்ககிட்டல்லாம் என்ன பேச்சு, உள்ள வா," என்றேன்.

அதோடு, சொன்னது அவர்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

மச்சானைச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருந்தார்கள். "அஞ்சு பேரு மாமா ஒரே ரூம்ல. எனக்கு ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வந்துருச்சு, ஆனா வுட மாட்றாங்க. பாப்பா எப்படி இருக்கு?" என்று தினமும் போன் செய்வான். நான் பேசிவிட்டு மனைவியிடம் கொடுப்பேன்.

அந்த இரண்டு வாரமும் எதிர் வீட்டுக்காரர் தினம் காலையில் ஒரு மஞ்சள் பையில் பால் பாக்கெட் போட்டுத் தகரத்தின் முனையில் மாட்டிவிட்டுப் போனார். என் மனைவி ஒருநாளும் எடுக்கவில்லை. வெயில் ஏறப் பால் திரிந்து பை உப்பும். மறுநாள் அதை எடுத்துவிட்டுப் புதுப் பையை மாட்டுவார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நடந்துதான் ஆட்டோவில் ஏறினார். உடல் தெருவுக்கு வரவே இல்லை. அங்கிருந்தே கொண்டு போய் எரித்துவிட்டார்கள். அவர் மனைவி வாசலில் தனியாக உட்கார்ந்து அழுதது கேட்டது. தொற்றுக்குப் பயந்து யாரும் போகவில்லை என்று தெரு சொல்லிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை.

மச்சான் மார்க்கெட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது ஊரிலேயே முந்திரித் தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறான். போன வருஷம் தோப்பில் பேசிக்கொண்டிருந்தபோது அவனிடம் சொல்லிவிட்டேன். சிரித்தான்.

"நீங்கதானா? பாப்பா இருக்கிற வூடு மாமா, நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். இதைப் போயி இத்தினி வருசமா மனசுல வச்சிக்கிட்டு..."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! அன்றைக்கே அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், தானே போய் ஆம்புலன்ஸில் ஏறியிருப்பான். அவன் மன்னித்தது எனக்கு ஆறுதலாக இல்லை. கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். பிறகு, "அவுரு பால் வச்சாரே," என்றாள். அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

மறுநாள் எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கிரில் கதவைத் திறக்காமல் நின்று கேட்டார். முழுவதும் சொன்னேன். அவர் அழவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து கடைசியா பேசுனப்போகூட, 'அவுங்க இன்னும் நான்தான்னு நெனக்கிறாங்களா'ன்னு கேட்டாரு," என்றார். "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா அவரு சொல்லலன்னு? உங்க வூட்டம்மா எங்க நின்னு கத்துச்சோ, அங்க நின்னு சொல்லுங்க. தெருவுக்குக் கேக்கட்டும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. தெருவில் விசேஷம் எது நடந்தாலும் நாலு பேர் கூடி நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். யாராவது அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தால், "உன் மச்சானைப் புடிச்சிக் குடுத்தாரே அந்தக் கண்டக்டரு," என்று என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.