கிளினிக் நாளும் என் மூஞ்சியும்

என் மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு முகநூல் பக்கம் திறந்த அன்று, தோட்டத்துத் தாய்மார் பார்க்கவேண்டிய முதல் படமாக என் மூஞ்சியைத்தான் போட்டேன். எனக்குப் பெண் தேடிய காலத்தில் பண்டாரவளை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம். இரண்டு பெண் வீட்டார் மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பிய படம். அதைத்தான் மடுல்சீமைத் தோட்டத்துக் கைக்குழந்தைகளின் நலனுக்காக உலகத்துக்குக் காட்டினேன்.

இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகன். தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், சாப்பாட்டுக் கடை அடுப்படி, இவைதான் என் ராச்சியம். தடுப்பூசி டொக்டருக்கும் மருத்துவமாதுக்கும் உரியது. அந்த வாரம் மழையில் மண்மேடு சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. ஊசிப் பெட்டியோடு வாகனம் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போக வழியில்லை. வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய கிளினிக்கை அடுத்த புதன்கிழமைக்கு மாற்றி, கங்காணிக்குப் போனில் சொன்னோம். அவரும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று, தொண்டை கிழிய மூன்று தரம் அறிவித்தார். எங்கள் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாக டீ குடித்தோம்.

வெள்ளிக்கிழமை நான் சரிவைத் தாண்டி நடந்தே மேல் டிவிஷனுக்குப் போனேன், தண்ணீர்த் தாங்கி பார்க்க. பூட்டிக் கிடந்த கிளினிக் வாசலில் ஒரு பெண் குந்தியிருந்தாள். மடியில் துவாயில் சுற்றிய இரண்டு மாதக் குழந்தை. அவள் காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கிளினிக் இன்னைக்கு இல்லியேம்மா. பெரட்டுல சொன்னாங்களே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ள பெத்தவ எங்கேங்க பெரட்டுக்குப் போறது? எனக்குப் பிரசவ லீவுங்க."

தோட்டம் முழுக்கப் பெரட்டுக்கு வரும். வராதவர்கள் கைக்குழந்தைக்காரிகள் மட்டும்தான். குழந்தை கிளினிக் சேதியை நாங்கள் அவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் கத்திக் கத்திச் சொல்லி வந்திருக்கிறோம்! கிளினிக் நாள் மாறாதவரை இந்தக் கெட்டித்தனம் வெளியே தெரியவில்லை.

"ரெண்டு மலை ஏறி வந்தேங்க. புள்ளயும் நனைஞ்சிருச்சு. இனிமே ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வர மாட்டேன்."

குழந்தையை நான் தூக்கி வருகிறேன் என்றேன். தரவில்லை. "குடைய மட்டும் புடிங்க" என்றாள். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். பாதி வழியில் அவள் போன் அடித்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அக்கா வீடியோவில் வந்தாள்.

"ஏய், யாருடி அது பின்னால, கொட புடிக்கிறது?"

"ஆபீஸ் ஆளு. கிளினிக்க பூட்டிப்புட்டு இப்ப கொட புடிக்கிறாரு."

நான் வணக்கம் சொன்னேன். அக்கா தங்கையோடுதான் பேசினாள். ஆனால் எனக்குப் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. குவைத்திலிருந்து இந்த லயத்துக்கு நொடியில் பேச்சு வருகிறது. லுணுகலைப் பக்கமிருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து வருவதில்லை.

அடுத்த நாளே டொக்டர் முன்னால் நின்றேன். யாழ்ப்பாணத்து அம்மா. கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"முகநூலோ? உதை ஆர் பாக்கிறது? நான் அனுப்புற சுற்றறிக்கையையே நீர் வாசிக்கிறேல்லை."

"டொக்டர், அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு மாச ஊசி போடல. தாய் வர மாட்டேன்னு போயிருச்சு."

பேனா நின்றது. "சரி, திறவும். ஆனா ஆற்றையும் படத்தைக் கேக்காமப் போடக்கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. கேட்காமல் போடக்கூடிய படம் ஒன்றே ஒன்றுதான் என் கைவசம் இருந்தது. அப்படித்தான் மாப்பிள்ளைப் படம் மேலே ஏறியது. கீழே, "மேற்படி பிரதேசத்துக்குட்பட்ட சகல தாய்மார்களினதும் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு எழுதினேன். மடுல்சீமைக்காரர்கள் கூடும் முகநூல் குழு ஒன்றிலும் போட்டேன். என் மனைவி விருப்பம் தெரிவித்தாள். பிறகு குவைத்திலிருந்து ஒரு பின்னூட்டம், அந்த அக்காவேதான்:

"சேர் மூஞ்சி நல்லா தெரியுது. கிளினிக் என்னைக்குன்னுதான் தெரியல."

மருத்துவமாது, தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னா சேர் இது, கோர்ட்டுக் கடுதாசியா? தள்ளுங்க. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். "மேல் டிவிஷன் அம்மாமாரே, புதன்கிழமை காலையில ஒம்பது மணிக்கு புள்ளைங்களுக்கு ஊசி. பாதை தொறந்தாச்சு. மழை பேஞ்சாலும் நாங்க வருவோம்." அவ்வளவுதான். கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது: "வெள்ளிக்கிழமை சொல்லாம அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

என் படத்தை எடுத்துவிட்டு, பூட்டில்லாத கிளினிக் கதவைப் படம் பிடித்துப் போட்டோம்.

டொக்டர் தன் போனில் அதைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார்.

"அரசாங்கக் கந்தோரின்ர பேரில மன்னிப்புக் கேக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"அழிச்சிடவா டொக்டர்?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை இன்னொரு தரம் வாசித்தார். "வேண்டாம். கிடக்கட்டும்."

புதன்கிழமை நல்ல மழை. ஊசி வேலை எனதில்லை என்றாலும், தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு வாகனத்தில் தொற்றிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு ஆறேழு தாய்மார் வந்திருந்தார்கள். அவள் இல்லை. பத்தாகியும் இல்லை. மிஸ்ஸி பெயர்க் கொப்பியைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் ஒரே தாங்கியை நாலாவது தடவை சுற்றிவந்தேன். பதினொரு மணிக்குத் தேயிலை மலைச் சரிவில் ஒரு சிவப்புக் குடை இறங்கியது. மிஸ்ஸி கொப்பியை மூடிவிட்டு ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

குழந்தை வீரிட்டு அழுது ஓயும்வரை பொறுத்திருந்து, என் மார்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன். "நம்ம பக்கத்த பாத்துட்டுத்தானே வந்தீங்க?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அக்காதான் ஏசுனா. 'ஆபீஸ்காரவங்களே மன்னிப்பு கேட்டிருக்காங்கடி, இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு, புள்ளய தூக்கிட்டு போடி'ன்னா. வந்துட்டேன்."

நிமிர்ந்த மார்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் மனசு இறங்கவில்லை. சேதி எந்தக் கடலைச் சுற்றி வந்தால் என்ன, லயத்துக்கு வந்துவிட்டதே. அன்று பிடித்த வியாதி இன்னும் விடவில்லை. பதுளையில் கூட்டம் என்றால், மற்றச் சுகாதார அலுவலகக்காரர்களை மூலையில் மடக்கி, "பக்கம் திறங்க, பேசுற மாதிரி எழுதுங்க, பிழை விட்டா மன்னிப்புக் கேளுங்க" என்று நச்சரிக்கிறேன். என்னைக் கண்டதும் டீக் கோப்பையோடு வேறு கதவால் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் இரண்டு பேர் திறந்துவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் குவைத்து அக்காவுக்கு எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு நன்றி எழுதினேன். அவருடைய சமூக உணர்வு, தாய்நாட்டுப் பற்று, தங்கைப் பாசம் என்று ஒன்றையும் விடவில்லை. எழுதிவிட்டு, கண் கலங்கிப் போய்ப் பதிலுக்குக் காத்திருந்தேன். வந்தது:

"நாலு மாச ஊசி என்னைக்கு, அத போடுங்க."