முந்நூற்றுப் பதினைந்து மேற்படிகள்

பிப்ரவரி 11: ஜப்பானிலிருந்து பழைய எம்பிராய்டரி மெஷின், 2,40,000
மார்ச் 3: கப்பல் கூலி, 31,500
ஏப்ரல் 20: மருத்துவமனைச் சீருடை ஆர்டர், முன்பணம் வரவு, 18,000
ஏப்ரல் 22: கம்ப்யூட்டர் மெக்கானிக், 600
ஏப்ரல் 23: அதே மெக்கானிக், 600

கடைசி இரண்டு வரிகளும் பெரியவரின் கைங்கரியம். மெஷின் அவர் மகளுடையது. சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கியது. மே 31க்குள் முந்நூறு சட்டைகளில் சின்னம் தைத்துத் தராவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். மெஷினை விற்ற ஜப்பானியக் கடைக்காரர், அதை ஓட்டும் மென்பொருளை ஒரே ஜிப் கோப்பாக மெயிலில் அனுப்பியிருந்தார். பிரித்துவைக்கும் வேலையைப் பெரியவர் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பிரித்தார். முந்நூற்றுப் பதினாறு கோப்புகள். ஒன்றின் பெயராவது மனிதர் வாசிக்கும்படி இருக்க வேண்டுமே! வளைந்த எஃப்பும் காலிக் கட்டமுமாக, யாரோ கீபோர்டின்மேல் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருந்தன. ஜப்பானியம் அறியாத கம்ப்யூட்டர் ஜப்பானியப் பெயர்களை இப்படித்தான் உளறும் என்று அவருக்குத் தெரியாது. அழுக்கு என்று நினைத்துவிட்டார். 001 முதல் 316 வரை வரிசையாகப் புதுப்பெயர் சூட்டினார். பிரித்தபின் உறை எதற்கு என்று ஜிப்பை அழித்தார். பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

மென்பொருள் எழுந்திருக்கவே இல்லை.

"அது ஒவ்வொரு கோப்பையும் பழைய பேர் சொல்லித்தான் கூப்பிடும் சார். எல்லாருக்கும் பேரை மாத்தி வச்சா யாரு திரும்பிப் பாப்பா?" என்றார் மெக்கானிக். "பரவால்ல, அந்த ஜிப்பைக் குடுங்க. மொழியை ஜப்பானியத்துக்கு மாத்திட்டு மறுபடி பிரிச்சா சரியா வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஜிப் இல்ல."

"மெயில்ல இருக்குமே?"

"மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணிட்டு அழிச்சுட்டேன்."

மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பழைய பேரையாவது எழுதி வச்சீங்களாப்பா?"

"எழுதாமலா?" பெரியவருக்கு உயிர் வந்தது. நோட்டை நீட்டினார். புதிய பெயர், பழைய பெயர் என்று இரண்டு பத்திகள், கோடு பிசகாமல். 001க்கு எதிரே 'வாசிக்க இயலவில்லை'. 002க்கு எதிரே 'மேற்படி'. அங்கிருந்து கடைசிப் பக்கம்வரை மேற்படி, மேற்படி.

மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார்.

"சட்டையிலயும் மேற்படின்னு தச்சுக் குடுத்துடலாமா?" என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை.

அழித்ததை மீட்க மறுநாளும் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஜப்பானியருக்கு எழுதினார்கள். கடையை மூடிவிட்டேன், கம்ப்யூட்டரும் கைமாறிவிட்டது, மூல டிஸ்க் அகப்பட்டால் தபாலில் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.

மகள் கையால் தைக்க உட்கார்ந்தாள். நாளெல்லாம் குனிந்திருந்தும் ஆறு சட்டை தேறவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் பெரியவர் தெருவிலேயே நின்று தபால்காரரை மடக்கினார். நாலாம் நாளிலிருந்து தபால்காரர், "இன்னைக்கும் இல்ல பெரியவரே!" என்று தெருமுனையிலேயே கத்திவிட்டு வேறு பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

ஒருவழியாக ஜப்பானிலிருந்து வந்த உறைக்குள் டிஸ்க்கும் ஒருவரிக் கடிதமும் இருந்தன: 'தயவுசெய்து எந்தப் பெயரையும் மாற்ற வேண்டாம்.' அடியில் சிவப்பில் இரட்டைக் கோடு.

மெக்கானிக் மொழியை மாற்றி டிஸ்க்கைப் போட்டார். ஊசி முதல் சட்டையில் இறங்கியது. பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியிலிருந்து பார்த்தார்.

"முடிஞ்சிடுமாம்மா?"

"விடாம ஓடினா முடிஞ்சிடும்."

"நான் ஏதாவது..."

"நீங்க ஒண்ணையும் தொடாதீங்கப்பா. வேணும்னா கடிதம் வந்த தேதியை உறைமேல போடுங்க."

போட்டார்: மே 26.