கோடி என்று நினைத்து வாங்கிய போர்வை

மாவு மில் வேலையில் காது சீக்கிரம் போய்விடும். மூக்கு மட்டும் கடைசிவரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். பிறந்த ஊரை விட்டுப் போய், இன்னொரு ஊரில் வேர் பிடித்து, கடைசியில் பிறந்த ஊருக்கே விருந்தாளியாக வந்து முழிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நாம் ஒரே கட்சி.

நான் ரங்கூனில் அலோன் பக்கத்து அரிசி ஆலையில் ஃபிட்டர் வேலை பழகியவன். கப்பல் எஞ்சின் ஆளாகப் போய், ஆப்பிரிக்காவில் கரை இறங்கி, மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் மக்காச்சோளம் அரைத்தேன். அங்கேயே எஸ்நாத்தைக் கல்யாணம் செய்துகொண்டேன். அங்கேயே அவளை அடக்கமும் செய்தேன். இப்போது பதினாலு மாதமாக ரங்கூன் தாகேதாவில் அக்கா வீட்டில் இருக்கிறேன். திரும்பிப் போக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் என்னை அனுப்பி வைத்ததே அந்த ஊர்தான். மறுபடி சேர்த்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

பேசின் வரிசை

மில்லுக்குப் போன முதல் நாள், வாசலில் நாற்பது பேசின்கள் சோளத்தோடு வரிசையாக இருந்தன. ஆட்கள் ஒருவரையும் காணோம். நமக்குத்தான் சுத்தம் சோறு போடுமே, எல்லாவற்றையும் தூக்கி ஓரமாக அடுக்கிவிட்டு வாசலைப் பெருக்கினேன்.

மாமர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். விடியலில் வந்து வைத்த பேசினும் பத்து மணிக்கு வந்த பேசினும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தன. என்னைத் திட்டாமல் இடுப்பில் கையை வைத்துச் சிரித்தவள் ஒருத்திதான். அவள்தான் எஸ்நாத். அவள் சொன்னாள்:

"பேசின்னா நெனச்சீங்க? ஒவ்வொண்ணுலயும் ஒரு பொம்பளை ஒக்காந்திருக்கா."

மூன்று நாள் ஈயோட்டியது

ஒருமுறை திடீரென்று ஒருவரும் அரைக்க வரவில்லை. போட்டிக்கு யாரோ மில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, இங்கே எஞ்சின் ஓடுவது தெரியட்டும் என்று வெறும் மில்லை ஓட்டிக்கொண்டே இருந்தேன். உண்மையில் ஊரில் சாவு. புதைக்கிறவரை அங்கே யாரும் மண்வெட்டிகூடத் தொடமாட்டார்கள். அது எனக்கு யார் சொல்லித் தெரியும்?

மூன்றாம் நாள் ஊர்த் தலைவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து எஞ்சினை நிறுத்தினேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்:

"நாங்க அழுறது எங்களுக்கே கேக்கல தம்பி, அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

போர்வை

எஸ்நாத் காய்ச்சலில் போனாள். நாலே நாள். அவளுடைய தம்பி லேமெக் என்னோடு மில்லில் வேலை பார்ப்பவன். அவர்கள் பாஷையில் என்னை 'அலாமு' என்பான், மச்சான் என்று அர்த்தம். துக்கம் முடிந்த அன்று அவள் வீட்டுப் பெரியவர்கள் முற்றத்தில் என்னை உட்காரவைத்து, ஒரு புதுப் போர்வையையும் பாயையும் நீட்டினார்கள். நம்மில் கருமாதி அன்று மைத்துனன் கோடி போடுவதில்லையா, அதுபோல என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு மண்ணுக்கு வந்து வாழ்கிறவன். பெண் போய்விட்டால் பாயும் போர்வையும் கொடுத்து, 'உன் ஊருக்குப் போகலாம்' என்று விடை கொடுப்பார்கள். எனக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கோடி என்று நினைத்து வாங்கியதை நான் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. போகச் சொன்ன இடத்தில் நின்று கெஞ்சுவதா என்று பெட்டியைக் கட்டினேன். போர்வையின் அர்த்தத்தைத் தெரியவைத்தவன் லேமெக்தான். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"எந்த பஸ்ஸுல போறீங்கன்னு பெரியவங்க கேக்குறாங்க, அலாமு."

டீக்கடை ஜெனரேட்டர்

தாகேதாவில் பகலில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. கரண்ட் போனவுடனே எதிர் டீக்கடை மா தண்டா டீசல் ஜெனரேட்டரை இழுத்துவிடுவாள். நான் அதன் பக்கத்திலேயே குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அந்த டீசல் வாசனையோடு கொஞ்சம் சோள மாவு வாசனையும் சேர்ந்தால் போதும், நான் வீட்டில் இருப்பேன். அரைத்து விழும் மாவு சூடாக இருக்கும். எஸ்நாத் அதைக் கையில் ஏந்தி மோந்துவிட்டு, என் கன்னத்தில் ஒரு விரல் பூசிவிட்டுப் போவாள். ஒருநாள் கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தியபோது மா தண்டா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பர்மியில், மாமா என்கிற 'ஊலே' போட்டுச் சொன்னாள்:

"ஊலே, எல்லாரும் இது ஓடுனா எந்திரிச்சுப் போறாங்க, நீங்க மட்டும் இது நின்னா அழுறீங்க."

ஒரு போன்

அக்காவுக்கு நான் போகக் கூடாது. "அங்க ஒனக்கு என்னடா இருக்கு, ஒரு சமாதிதான?" என்று தினமும் கேட்பாள். போன வாரம் அப்படிக் கேட்டுவிட்டு அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு லேமெக்குக்குப் போன் போட்டேன். கோடி என்றால் என்ன, நான் எதை எதுவென்று நினைத்து வாங்கினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு ஊர் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல் என்றேன். அவன் சொன்னான்:

"போர்வையைக் குடுக்குறது எங்க மொறை, அலாமு, வேணாம், இங்கயே இருக்கேன்னு சொல்றது ஒங்க மொறை, அன்னிக்கு முற்றத்துல அத்தனை பேரும் அதுக்குத்தான் காத்திருந்தோம், நீங்க எந்திரிச்சு வாங்கிக்கிட்டீங்க."

முப்பத்தோரு வருஷம் ஒரு ஊருக்கே மாவரைத்தும் உபசாரம் எது, உத்தரவு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் நான். டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று, அக்காவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.