517-ஆம் எண் அறையின் நாற்காலி

விசித்தாசியோன் மெல்கார் இருபத்தேழு ஆகஸ்ட் மாதங்களைக் குனிந்தே கழித்தவர். ஆகஸ்ட் வந்தால் எங்கள் ஸ்பெயினில் நீதிமன்றம்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். மாட்ரிட்டில் ரொட்டி வாங்கக் கடை தேடி அலைய வேண்டும். மொத்த நாடும் காலை நீட்டிப் படுக்கும் அந்த ஒரு மாதத்தில்தான், அது படுக்கும் கட்டிலை விரிக்க, கடற்கரை ஊரான மர்பெய்யாவின் ஓட்டல்களுக்குக் கூடுதல் கைகள் வேண்டும். ஆகவே படுக்கை விரிக்கிறவர்களுக்கு ஆகஸ்டில் விடுப்பு கிடையாது. பிப்ரவரியில் எடுத்துக்கொள்ளலாம், மழையில் நனைந்தபடி. இதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. சீசன் என்று சொன்னார்கள்.

விசி என்றுதான் எல்லோரும் அழைப்போம். கடலைப் பார்த்து நிற்கும் 'தொர்ரே பெர்மெய்யோன்' என்ற ஐந்து நட்சத்திர ஓட்டலில் அவருக்கு அறை சுத்தம் செய்யும் வேலை. நாளைக்கு இருபத்திரண்டு அறை, அறைக்கு இருபது நிமிடம். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும், குளியலறையில் முட்டி போட வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும், அடுத்த கதவைத் தட்ட வேண்டும். குளிர்காலத்தில் விருந்தாளிகள் குறைந்தால் கீழே வாசல், வரவேற்பு மேசை, பலகை எல்லாம் துடைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள்: விருந்தாளியின் அறையில் உட்காரக் கூடாது. கட்டிலில் மட்டுமல்ல, நாற்காலியிலும்.

ஐந்தாம் மாடியில் 517-ஆம் எண் அறைக்குக் கடல் பார்த்த பால்கனி. அதில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். இடப்பக்கத்து நாற்காலியில் காலை வெயில் முதலில் விழும். விசி அதைத் தூக்குவார், அடியில் துடைப்பார், திரும்ப வைப்பார். அதன் எடை அவருக்குத் தெரியும். எந்தக் கால் ஆடும் என்று தெரியும். இத்தனை வருடத்தில் நான்கு முறை நாற்காலி மாற்றினார்கள், அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அதில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

ஏப்ரலில் ஓய்வு பெற்றார். மே மாதம் ஒரு காலை, சான் பெத்ரோவில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில், ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். எதிரில் அவருடைய அக்கா எவுலாலியா. பக்கத்தில் எதிர்வீட்டுக்காரனான நான்.

"ஆகஸ்ட் பதினஞ்சு வர்ற வாரம். அஞ்சு ராத்திரி. 517-ஆம் நம்பர் அறை. நீயும் நானும்," என்றார் விசி.

"உனக்கென்னடி, பைத்தியமா? ஜெயில்லேருந்து வெளிய வந்தவ, அதே ஜெயில்ல படுக்கக் காசு குடுப்பாளா?" என்றார் அக்கா.

"பின்வாசல் வழியா போனாத்தான்க்கா அது ஜெயில். நான் முன்வாசல்ல போகப்போறேன்."

"மலைப்பக்கம் போலாம். குளுகுளுன்னு இருக்கும்."

"மலையில யாரும் என்னை உக்காராதேன்னு சொல்லலையே. சொன்ன இடத்துலதான் உக்காரணும்."

திட்டம் தொடங்கியது.

சுற்றுலா நிறுவனங்கள் படத்தைக் காட்டி அறை விற்கும். விசி தன் முதுகின் நினைவை வைத்துத் திட்டம் போட்டார்.

"515 லிஃப்ட் பக்கம். பொழுதன்னைக்கும் டிங்கு டிங்குன்னு கேட்டுட்டே இருக்கும். 519-ல ஏசி சொட்டும், நானே கிண்ணம் வெச்சு மறைச்சிருக்கேன். 521-ல கிழக்குக் காத்து அடிச்சா குளியலறை நாறும். ஒரு நாள் வாடகை எத்தனை ஆயிரம் வாங்கினாலும் நாறும்."

"சனிக்கிழமை போலாமா? கூட்டமா, கலகலப்பா இருக்கும்."

"சனிக்கிழமை மட்டும் வேணாம். பாதி ஓட்டல் காலியாகும், பாதி ஓட்டல் நிரம்பும். அன்னிக்கு அவசரத்துல கண்ணாடி டம்ளரை எதால துடைப்போம்னு சொன்னா, நீ அப்புறம் ஆயுசுக்கும் வெளியில தண்ணி குடிக்க மாட்டே. செவ்வாய்க்கிழமை போறோம்."

அடுத்த பக்கத்தின் தலைப்பு: எப்படிப் போவது. எங்கள் ஜனம் கடற்கரைக்குப் போனால் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை, தர்பூசணி, நாலு மடக்கு நாற்காலி, ரேடியோ. விசி எல்லாவற்றையும் அடித்துவிட்டார்.

"அடை கிடையாது."

"அடை இல்லாம கடலா?" எவுலாலியா நெஞ்சில் கை வைத்தார்.

"பிளாஸ்டிக் டப்பாவோட அந்த வாசலைத் தாண்டினே, உன்னை யாருன்னே தெரியாதுன்னுடுவேன்."

"பசிச்சா?"

"போன் பண்ணினா கொண்டுவந்து குடுப்பாங்க."

"யாரு?"

"யாருன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்லி நன்றி சொல்லுவேன். இத்தனை வருஷத்துல அங்க யாரும் அவங்களை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல."

ஜூலைத் தள்ளுபடியில் வெள்ளை லினன் உடை வாங்கினார். அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எங்கள் மாடிப்படியில் தொப்பியோடு இறங்கிப் பழகினார். இரண்டாம் மாடிப் பெண்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசிலடித்தார்கள். "சீமாட்டி வர்றா, வழி விடுங்க!" என்று ஒருத்தி கத்த, விசி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தார். அந்த அசைப்பையும் அவர் ஓட்டலில் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

அறை கிடைக்க வேண்டும் என்று எவுலாலியா கடல் மாதா சிலைக்கு மெழுகுவத்தி ஏற்றினார். அறை ஒதுக்கும் இலாகா அந்த அம்மையாரிடம் இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை. நான் கணினியில் விசியின் பெயரில் பதிவு செய்தேன். உறுதிச் சீட்டு வந்தது. எவுலாலியா அதை மெழுகுவத்தியின் சாதனை என்றார்.

புறப்பட ஒரு வாரம் இருந்தபோது தொலைபேசி அடித்தது. ஓட்டலின் துணை மேலாளர் ஃபெர்மின். 'தோன்' என்று மரியாதை சேர்த்துத்தான் அவரை அழைக்க வேண்டும். விசி சமையலறையில் உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால், அக்காவுக்கும் எனக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"விசி, என்னம்மா இது? பட்டியல்ல உன் பேரைப் பார்த்தேன். யாரோ விளையாடறாங்கன்னு நினைச்சேன்."

"நான்தான், தோன் ஃபெர்மின். செவ்வாய்க்கிழமை வர்றேன்."

"தாராளமா வா. பின்பக்கம் வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ. தங்கறதுன்னா பாரு... இங்க வேலை பார்த்தவங்க விருந்தாளியா தங்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கும், இல்லையா? காசு முழுசா திரும்பி வந்துடும். கூடவே நல்ல பழக்கூடை ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்."

"சரி," என்றார் விசி. இருபத்தேழு வருடம் அந்தக் குரலுக்குச் சொல்லிப் பழகிய சொல், வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. பிறகு வெள்ளை உடையை மடிக்கத் தொடங்கினார். ஓட்டல் மடிப்பு, விளிம்போடு விளிம்பு.

"பழமாவது நல்லதா இருக்கும்," என்று அக்கா முணுமுணுத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சங்கடமாம்! தங்கள் தலைமுடியைக் குளியல் தொட்டியின் வாயிலிருந்து எடுத்த கை, பக்கத்து மேசையில் வெண்ணெய் தடவுவதைப் பார்த்தால் சங்கடம். அந்தக் கைக்கு அறுபது வயதுக்குள் மூட்டு தேய்ந்ததைப் பார்த்தால் சங்கடம் இல்லை. நான் இதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். விசி கேட்கவில்லை. மடித்த உடையின்மேல் கை வைத்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த விதி எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"எங்கேயாவது இருக்கும்," என்றார் அக்கா.

"எங்கேயாவது இல்ல. ஆளை உள்ள விடமாட்டோம்னா வாசல்ல பலகை மாட்டணும்னுதானே சட்டம்? அங்க இருக்கிற பலகையெல்லாம் துடைச்சது யாரு?" மடித்த உடையை உதறிப் பிரித்து மறுபடி கொக்கியில் மாட்டினார். "ரத்துன்னு எழுத்துல எதுவும் வரலை. உறுதிச் சீட்டை அச்சடிச்சு எடுத்துட்டு வாங்க. நீங்களும் வர்றீங்க."

செவ்வாய்க்கிழமை பகல், ஓட்டலின் முன்வாசல் சுழல் கதவின் வழியே விசி முதல் முறையாக வெளியிலிருந்து உள்ளே போனார். அதன் கண்ணாடியை இதுவரை அவர் உட்பக்கமிருந்துதான் துடைத்திருந்தார். பின்னால் எவுலாலியா பெட்டியை இழுத்துவர, கடைசியில் நான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் சீட்டை வாங்கி, கணினியைப் பார்த்து, முகம் மாறி உள்ளே போனாள். அவளோடு ஃபெர்மின் வந்தார்.

"விசி, போன்லயே சொன்னேனே. உனக்கு..."

"உங்களுக்கு," என்றார் விசி அமைதியாக. "விருந்தாளிங்களை நீங்க அப்படித்தானே கூப்பிடுவீங்க?"

ஃபெர்மின் இருபுறமும் பார்த்தார். வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "இது எங்க உள் விதிம்மா."

"எந்தப் பலகையில இருக்கு? புகை பிடிக்காதேன்னு இருக்கு. வெறுங்காலோட வராதேன்னு இருக்கு. நாய் கூடாதுன்னு இருக்கு. எல்லாம் நான் துடைச்சது. படுக்கை விரிச்சவ வரக்கூடாதுன்னு ஒண்ணு நான் துடைச்சதே இல்லையே. நேத்து மாட்டினீங்களா?"

"மெதுவா பேசுங்க."

"மெதுவாவே கேக்கறேன். புகார்த் தாள் குடுங்க."

எங்கள் ஊரில் தெருமுனைக் காப்பிக் கடையிலிருந்து அரண்மனை போன்ற ஓட்டல் வரை, புகார்த் தாள் இங்கே உண்டு என்று ஒவ்வொரு இடத்திலும் அறிவிப்பு மாட்டியாக வேண்டும். கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஒரு படி அரசாங்கத்துக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் முதலாளியின் வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய பீரங்கி அது. மனிதர்கள் அடித்துப் பிடித்து வாங்கிய சட்டம். எந்தச் சிலையும் அருளியதல்ல.

"தாள் தீர்ந்துபோச்சு," என்றார் ஃபெர்மின்.

"உங்க இடது பக்கம், மூணாவது இழுப்பறை. பழைய சாவி அட்டைங்களுக்கு அடியில மஞ்சள் கோப்பு. மார்ச் மாசம் தூசி தட்டி வெச்சேன்."

ஃபெர்மின் கண் காட்டுவதற்குள் அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்துவிட்டாள். மஞ்சள் கோப்பு இருந்தது.

விசி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில், அவசரமே இல்லாமல் பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். எங்களுக்கு அடுத்து வரிசையில் நின்ற, ஸ்பெயினின் வடக்கிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டு, "என்ன தாமதம்?" என்று கேட்டார்.

எவுலாலியா திரும்பினார். "ஒண்ணுமில்லைங்க ஐயா. என் தங்கச்சி இருபத்தேழு வருஷம் இங்க உங்களுக்கெல்லாம் கட்டில் விரிச்சா. அதனால அவ இங்க படுக்கக் கூடாதாம்."

பெரியவர் ஃபெர்மினைப் பார்த்தார். விசியைப் பார்த்தார். "அந்தத் தாள்ல சாட்சி போட இடம் இருக்கா?" என்றார்.

விசி தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். "கீழே உங்க தரப்பைச் சொல்ல இடம் இருக்கு, தோன் ஃபெர்மின். ஏன் எனக்கு அறை இல்லேன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாங்க காத்திருக்கோம். எனக்கு இன்னிக்கு இருபத்திரண்டு அறை இல்ல."

ஃபெர்மின் பேனாவை எடுத்தார். அது தாளுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. பின் மேசைக்கு இறங்கிப் படுத்தது.

"கணினியில ஏதோ குழப்பம் ஆயிருக்கு, செனோரா மெல்கார்," என்றார். "517. வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்."

எவுலாலியா லிஃப்டிலேயே ஆடத் தொடங்கிவிட்டார்.

அறையில் நுழைந்ததும் விசி பால்கனிக்குப் போனார். நாற்காலியைத் தூக்கி அடியில் மணல் இருக்கிறதா என்று பார்த்தார். திரும்ப வைத்தார். "உக்காருடி!" என்று அக்கா கத்த, "காலையில. வெயில் விழறப்ப," என்றார். மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு வரச்சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

மறுநாள் நான் போனபோது அறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"காசு குடுத்து வந்து வேலை பாக்கறியே, உன்னை என்ன செய்யலாம்?" எவுலாலியா இரவு உடையில் நடு அறையில் நின்றார். கட்டில்கள் இரண்டும் முறுக்கேறிய மத்தளம்போல விரிக்கப்பட்டிருந்தன. குளியலறைக் குழாய்கள் மின்னின. துவாலைகள் மூன்றாக மடிந்து அடுக்கியிருந்தன. விசி குற்றவாளிபோல நின்றார்.

"தெரியாம பண்ணிட்டேன். எழுந்தேன், கை பாட்டுக்குப் பண்ணிடுச்சு. துவாலை மடிக்கறப்பத்தான் எனக்கே உறைச்சது."

கதவு தட்டப்பட்டது. வண்டியோடு ஹலிமா. மொராக்கோவின் தெத்துவானிலிருந்து வந்தவர், விசியோடு பன்னிரண்டு வருடம் அதே மாடியில் வேலை பார்த்தவர். உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"விசிக்கா! எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலையா? அந்த மூலை மடிப்பைப் பாரு, என்னோடதை விட நல்லா இருக்கு. கேலி பண்றியா?"

விசியின் முகத்திலிருந்த வெட்கம் மெல்ல வேறொன்றாக மாறியது.

"ஹலிமா, இந்த அறைக்கு எத்தனை நிமிஷம் குடுக்கறாங்க?"

"இருபது. உனக்குத் தெரியாதா?"

"வேலை முடிஞ்சுது. அப்ப அந்த இருபது நிமிஷம் யாரோடது?"

ஹலிமா வாசலைத் திரும்பிப் பார்த்தார். "மேற்பார்வைக்காரி வந்தா?"

"வண்டி வெளிய நிக்குது, நீ உள்ள வேலையா இருக்கே. விருந்தாளி கதவைச் சாத்தச் சொன்னா சாத்தணும். அதுவும் விதிதான். சாத்து."

ஹலிமா சாத்தினார். விசி அவரைக் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துப்போனார். வெயில் அப்போதுதான் இடப்பக்கத்து நாற்காலிக்கு வந்திருந்தது. விசி உட்கார்ந்தார். முதலில் நேராக, பிறகு முதுகைச் சாய்த்து, பிறகு காலை நீட்டி. தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கடலைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஹலிமாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சரிந்தார்.

"இது ஆடுதுக்கா."

"வலது பின்கால். எனக்குத் தெரியும். புகார் எழுதிடலாம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே நீச்சல்குளத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். விசி நான் ஏற்கெனவே படியில் பார்த்திருந்த அந்தக் கையசைப்பை அவர்களுக்குச் செய்தார். பிறகு போனை எடுத்து, "517. நாலு காப்பி. யாரு, பாஸ்குவாலா? நன்றி, பாஸ்குவால்," என்றார்.

"இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு," என்றார் ஹலிமா, கண்ணை மூடியபடி.

மீதி நான்கு காலைகளிலும் விசி எழுந்தவுடன் படுக்கையை விரித்தார், குழாயைத் துடைத்தார், துவாலையை மடித்தார். தெரியாமல் அல்ல, ஹலிமாவின் அந்த இருபது நிமிடத்துக்காக.