அம்பாள் பேருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை

மெஸ் நடத்துகிறவளுக்கு அடுப்பு அணைந்தாலும் மனசு கொதித்துக்கொண்டேதான் இருக்கும். நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகளுக்காக நான் மெஸ் வைத்திருந்தபோது, ஒரே ஒரு வார்த்தை என்னை ஒரு வாரம் படுத்தி எடுத்தது.

மேனேஜர் எடுத்த போட்டோ

கடலூரில் வேலை பார்க்கும் என் பெரிய மகன் சரவணன், கோயிலுக்கு வந்த தன் மேனேஜரைச் சாப்பிடக் கூட்டி வந்தான். அவர் ரசம் கேட்டு வாங்கித் திருப்தியாகத்தான் சாப்பிட்டார். வெளியே போனதும் ‘சிவகாமி அம்பாள் மெஸ்’ என்ற போர்டைப் பார்த்துச் சிரித்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்த சரவணனுக்கு முகமே சரியில்லை. “இங்கிலீஷ்ல மெஸ்னா அலங்கோலம்னு அர்த்தம்மா. ஆபீஸ் பூரா காட்டுவாரு. போர்ட மாத்திடு,” என்றான்.

கற்பூரம்

ஆபீஸ் சிரித்துவிட்டுப் போகட்டும். அம்பாள் பேருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தையை எழுதி வைத்து, தினமும் அதற்குக் கற்பூரம் வேறு காட்டியிருக்கிறேனே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது. சன்னதியில் போய் நின்றால் கண்ணை மூட முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும் மல்லிகாவிடம் சொன்னேன். கையை நிறுத்தாமல் அவள் சொன்னாள்: “அம்பாளுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா, இவ்ளோ நாள் உன்ன சும்மா உட்டுருப்பாங்களாக்கா?”

பெயிண்டர்

‘மெஸ்’ஸை அழித்துவிட்டு ‘உணவகம்’ என்று எழுதச் சொல்லி பெயிண்டரைக் கூப்பிட்டேன். போர்டை அண்ணாந்து பார்த்தவர், வெள்ளிக்கிழமை வருகிறேன், அதுவரை யோசியுங்கள் என்றார். “மெஸ்னாதாம்மா பசங்க உள்ள பூருவாங்க. உணவகம்னு போட்டா, கவர்மென்ட் ஆபீஸ்னு நெனச்சிக்கினு போய்க்கினே இருப்பாங்க.”

சாம்பார்

யோசித்து யோசித்து சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிற திட்டக்குடிப் பிள்ளை இளங்கோ ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னிக்குதாம்மா போர்டுக்கு ஏத்த சாம்பார்,” என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் பயந்துபோனான். விஷயத்தைச் சொன்னேன். “லைப்ரரில பெரிய டிக்ஷனரி இருக்கு, பாத்துட்டு வரேன். அதுக்குள்ள ஏணி மேல யாரையும் ஏத்திடாதீங்க.”

வெள்ளிக்கிழமை

பெயிண்டர் ஏணியைச் சாத்தும்போது இளங்கோ வந்து சேர்ந்தான். “பழைய பிரெஞ்சு வார்த்தைம்மா. உக்காந்திருக்கறவங்க முன்னால கொண்டாந்து வெக்கற சாப்பாடு, அதான் மெஸ். சேந்து சாப்பிடற கூட்டத்துக்கும் அதே பேரு. அப்புறம் கூழு, அப்புறம் மாட்டுக்கு ஊத்தறது, கண்டதையும் கலந்ததுன்னு எறங்கி எறங்கி, கடைசியிலதான் அலங்கோலம்.”

“அப்போ அம்பாள் பக்கத்துல இருக்கறது சாப்பாடா?”

“படையல்னே வெச்சுக்கங்க.”

“போர்டு அப்படியே இருக்கட்டும்,” என்றேன். பாதி ஏணியில் நின்றிருந்த பெயிண்டர் கீழே இறங்கி, டப்பாவை மூடிவிட்டுக் கையைக் கழுவினார். “வேலைதான் இல்லன்னு ஆச்சு, ஒரு எலையாவது போடுங்கம்மா.”

சாப்பாட்டில் தொடங்கி அலங்கோலத்துக்கு வந்து சேர அந்த வார்த்தைக்கு நூற்றுக்கணக்கான வருஷம் ஆனதாம். என் சமையலறை அந்தத் தூரத்தைத் தினமும் காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவிலேயே கடந்துவிடும்.