செருப்புக் காலோடு

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊர் தோணிரேவுக்கு வர மாட்டார்களாம். ரோடு சரியில்லை, மீன் கவிச்சி மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது, பட்டணத்து மாலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இத்தனைக்கும் அவர்கள் எங்கள் ஜனம்தான். மாப்பிள்ளையின் தாத்தா எங்கள் ஊர் ஏரியிலேயே வலை போட்டவர். கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இல்லாத பெண்ணுக்கு நல்ல இடம் தானாக வருகிறது, அங்கே வந்து வாயை அடக்கு என்று நைனா கெஞ்சினார்.

பொன்னேரியில் ரயிலேறிப் போனோம். மால் வாசலில் காவலாளி என் பையைத் துழாவினான். உள்ளே நட்டநடுவில் பெரிய முற்றம். எல்லோரும் வந்து உட்காரலாம் என்று பலகை. உட்கார்ந்தால் வழுக்குகிற மாதிரி சாய்வான கல் பெஞ்சு. மேலே தகர மீன்கள் தொங்கின. கீழே ஒரு படகு. கலையாம். எங்கோ கடலுக்குப் போய்வந்த நிஜப் படகுதான். அதற்கு ரோஸ் பெயிண்ட் அடித்து, படிக்கட்டு வைத்து, ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். ஷூ போட்டவர்கள் அதன்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் செருப்புக் காலோடு யாரும் படகில் ஏறுவதில்லை. சோறு போடுகிற இடம். ஒருமுறை படகைப் பார்க்க வந்த அதிகாரியையே ஷூவைக் கழற்ற வைத்தவர் நைனா.

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கலர் கொஞ்சம் கம்மி, பரவாயில்லை என்றார். எல்லோரும் படகில் நின்று ஒரு போட்டோ எடுக்கலாம் என்றும் அவர்தான் சொன்னார். மாப்பிள்ளை ஷூவோடு தாவி ஏறினான். நைனா படியோரம் செருப்பைக் கழற்றி வைத்தார். நானும் கழற்றினேன். அந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா சம்பந்தி, கோயிலா இது? போட்டுக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

சம்பந்தி என்று அவர் கூப்பிட்டதில் நைனா உருகிவிட்டார். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று என்னையும் வரச்சொல்லிக் கையசைத்தார்.

நான் ஏறவில்லை.

"நைனா, எறங்கு. வூட்டுக்குப் போலாம்."

"இது படகு இல்ல கண்ணு. சும்மா பொம்மை."

"அப்போ மொதல்ல ஏன் கழட்டுன?"

எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அந்தம்மாவிடம் நேராகவே சொன்னேன். பெண் வளர்த்த லட்சணத்தைப் பார் என்று அவர் நைனாவைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

நைனா மெதுவாக இறங்கினார். கீழே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பளபள தரையில் வாசல்வரை வெறுங்காலோடு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அந்தக் குடும்பத்தின் மேல் இருந்த கோபம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டது. எனக்காக அவர் செருப்போடு அந்தப் படகில் ஏறியதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.